முள்ளை எடுத்தாச்சு... கூடப் போன மண்ணை?

"வலி இருந்தா நானே ஓடி வந்திருப்பேனே ஐயா. வலிக்கவே இல்லியே!"

வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ராஜபாளையத்துக்கு என்னிடம் வந்த அந்த அம்மாவுக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடத்தில் கூலி வேலை. வலது பாதத்தில், பெருவிரலுக்குப் பின்னால், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு தடிப்பு. கல் மாதிரி இருந்தது. அதன் மேல் ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று துவாரங்கள், லேசான கசிவு. சுத்தமான துணியை வைத்து அழுத்தி எடுத்தேன். துணியில் ஈரத்தோடு ரவை ரவையாக, இளமஞ்சள் நிறத்தில் நாலைந்து பொடி மணிகள் ஒட்டியிருந்தன.

"முள் குத்திச்சா தாயீ?"

"தினமுந்தான் குத்துது. எந்த முள்ளுன்னு சொல்ல?"

அந்த ரவையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ரவை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு நம்ம ஊர் மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கணும்.

செடியும் கிருமியும் செய்யும் செய்முறை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே பார்த்தால் மலை, ஓடை, மாந்தோப்பு. கிழக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையும் மாறிவிடும். தென்மேற்குப் பருவமழையை மலையே மறித்துக்கொள்வதால் அந்தப் பக்கம் காய்ந்த கரிசல்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ராஜஸ்தான் மாதிரி மணல் பாலைவனம் நமக்குக் கிடையாது. ஆனால் அங்கே வளர்கிற செடிகளைப் பாருங்கள்: உடைமரம், கருவேலம், வேலிக்கருவை, இலந்தை, சங்கஞ்செடி, சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி, எருக்கு, நெருஞ்சி. முள்ளும் பாலும்தான் அவற்றின் சொத்து. பாலைவனச் செடிகளின் பங்காளிகள்தான் இவையெல்லாம்.

ஆறு மாதம் மழை இல்லாமல் இந்தச் செடிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? ஆழமான வேர், சிறுத்த இலை, தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தண்டு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதிக் கதை. மீதிக் கதை வேரைச் சுற்றி இருக்கிற நுண்ணுயிர்களில் இருக்கிறது.

ஒரு கிராம் மண்ணில், அதாவது ஒரு சிட்டிகை மண்ணில், கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. வேரை ஒட்டிய மண்ணில் இன்னும் அதிகம். வேர் தன்னிடமிருந்து சர்க்கரைச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. அதைத் தின்ன நுண்ணுயிர்கள் கூடுகின்றன. வேரைச் சுற்றிய இந்தப் பகுதி தனி உலகம் என்று 1904லேயே ஹில்ட்னர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி சொல்லி, அதற்குத் தனிப் பெயரும் வைத்தார். செடி சும்மா சோறு போடுவதில்லை. நம்ம ஊர் விசேஷ வீட்டில் செய்முறை செய்கிற மாதிரிதான். செய்ததைத் திரும்ப வாங்கும். பூஞ்சை இழைகள் வேர் எட்டாத இடத்துக்கும் போய் ஈரத்தையும் மணிச்சத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். சில பாக்டீரியாக்கள் காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். மழைக்குப் பிறகு ஓடைக்கரையில் ஒரு கொழிஞ்சிச் செடியை, பிடுங்காமல், மெதுவாகத் தோண்டி எடுங்கள். மண்ணை அலசினால் வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். நோய் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே ரோஸ் நிறம். நம் இரத்தத்தைச் சிவப்பாக்குகிற ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள் அது. உள்ளே குடியிருக்கிற பாக்டீரியாவை 1888இல் பெயரிங்க் என்ற டச்சுக்காரர் பிரித்தெடுத்துக் காட்டினார். கொழிஞ்சியை நாங்கள் கல்லீரல், மண்ணீரல் கோளாறுகளுக்குப் பயன்படுத்துகிறோம். விவசாயி அதை வயலில் மடக்கி உழுகிறார். இரண்டு பேருக்கும் அந்த உருண்டைக்குள் இருப்பவன்தான் உதவி செய்கிறான். வேலிக்கருவை நம் கரிசலை இப்படி வளைத்துப் பிடித்ததற்கும் அதன் வேரில் இருக்கிற இதே கூட்டணி ஒரு காரணம்.

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் மண்ணே இல்லாத எரிமலைப் பாறையில் ராட்சதக் கள்ளி ஒன்று வளர்கிறது. எப்படி என்று ஆராய்ந்தபோது, அதன் வேருக்குள்ளும் விதைக்குள்ளும்கூட பாக்டீரியாக்கள் இருப்பதையும், அவை பாறையைக் கரைத்துச் செடிக்குச் சத்து எடுத்துக் கொடுப்பதையும் கண்டார்கள். தாய்க்கள்ளி பிள்ளைக்கள்ளிக்கு விதையிலேயே கட்டுச்சோறு கட்டி அனுப்புகிறது!

மழை வாசனையும் மதுரையின் பெயரும்

கோடை வெயிலில் காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழும்போது ஒரு வாசனை வருமே, அதற்கு மயங்காத ஆள் உண்டா? அந்த வாசனையில் பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர் வகை தயாரிக்கிற ஜியோஸ்மின் என்ற பொருளிலிருந்து வருகிறது. இந்த வகை, ஆக்டினோமைசீட்ஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பிறப்பால் பாக்டீரியா, ஆனால் பூஞ்சைக்காளான் மாதிரி இழை விட்டு வளரும். காய்ந்த மண்ணும் வெயிலும் இவற்றுக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் இந்தக் குடும்பத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோய்க்குக் கிடைத்த முதல் வலுவான மருந்து அது. நம் தாத்தா பாட்டி காலத்தில் எத்தனையோ உயிரைப் பிடித்து நிறுத்தியது மண்ணில் கிடந்த ஒரு பூச்சிதான் என்றால் மிகையில்லை.

அதே குடும்பத்தில் பொல்லாத பிள்ளைகளும் உண்டு. அதில் ஒருவன் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. பெயரில் "மதுரை" காதில் விழுகிறதா? நம்ம மதுரையேதான்! மதுரெல்லா என்று இன்னொன்று இருக்கிறது. அது நிஜமான பூஞ்சை. மல்லிகைக்கும் மீனாட்சிக்கும் பெயர் போன ஊர், உலக மருத்துவப் புத்தகங்களில் ஒரு கால் நோய்க்கும் பெயர் கொடுத்திருக்கிறது: மதுரா ஃபுட், மதுரைக்கால்.

1842இல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற ஆங்கிலேய டாக்டர்தான் இதைத் தனி நோய் என்று குறித்து வைத்தார். பிறகு 1860 வாக்கில் பம்பாயில் வேலை பார்த்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், இது பூஞ்சையால் வருகிற கட்டி என்று சொல்லி "மைசிடோமா" என்று பெயரிட்டார். கிரே எழுதிய உடற்கூறு நூலின் படங்களை வரைந்தவரும் இதே கார்ட்டர்தான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் புரட்டிப் புரட்டிப் படித்த படங்கள் அவை. அவர் கை நம் ஊர் நோய் வரைக்கும் நீண்டிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

கட்டியில் வெளிர் மணி தள்ளுவது ஒன்று, கறுப்பு மணி தள்ளுவது ஒன்று என்று கார்ட்டரே பிரித்துச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் கிருமிகளையே இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒன்று நான் சொன்ன இழை பாக்டீரியா வகை, இன்னொன்று நிஜப் பூஞ்சை வகை. பொதுவாகத் தென்னிந்தியாவில் பாக்டீரியா வகை அதிகம். வடக்கே பூஞ்சை வகை அதிகம். உலகத்தில் இந்த நோய் அதிகம் உள்ள இடங்களைப் பாருங்கள்: சூடான், செனகல், சோமாலியா, ஏமன், மெக்சிகோ, இந்தியா. வெயிலும் முள்ளும் வெறுங்காலும் சேர்ந்த இடங்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்பது சரியான வார்த்தை. ஏனென்றால் இந்த நோய் வருவது விறகு வெட்டுகிறவருக்கும் ஆடு மேய்க்கிறவருக்கும் களை எடுக்கிறவருக்கும்தான்.

முள் வெறும் ஊசி, மருந்து மண்ணில்

முள் தானாக நோய் கொடுப்பதில்லை. அது ஊசி மாதிரி. அதன் நுனியில் ஒட்டியிருக்கிற மண்ணும் மண்ணில் இருக்கிற கிருமியும் தோலுக்கு அடியில் இறங்குகின்றன. செனகல் நாட்டில் வேலமரத்தின் காய்ந்த முள்ளிலேயே இந்த நோயை உண்டாக்குகிற பூஞ்சை ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். மரத்தில் இருக்கிற பச்சை முள்ளைவிட, உதிர்ந்து மண்ணில் புதைந்து மழையில் ஊறிக் கிடக்கிற முள்ளுக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

எல்லா முள்ளும் இப்படிச் செய்வதில்லை. கரிசலில் பிறந்த யார் காலில்தான் நூறு முள் குத்தவில்லை? நூற்றில், ஆயிரத்தில் எங்கோ ஒருவருக்கு அந்தக் கிருமி உள்ளேயே தங்கிவிடுகிறது. தங்கியது உடனே தலை காட்டாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் முள் குத்தியதே மறந்து போகும். முதலில் வலியில்லாத சின்ன உருண்டை. பிறகு அது பரந்து தடிக்கும். பிறகு துவாரங்கள் விழுந்து கசியும்; ஒன்று ஆறும், பக்கத்தில் இன்னொன்று திறக்கும். கசிவில் மணிகள் வரும். அந்த மணி வேறொன்றுமில்லை, கிருமிகளே கூட்டமாகக் கட்டிக்கொண்ட கோட்டை. அந்தக் கோட்டைக்குள் நம் உடம்பின் காவல்படையும் நுழையாது, மருந்தும் லேசில் நுழையாது. விட்டுவிட்டால் எலும்பு வரைக்கும் அரிக்கும்.

மணியின் நிறம் நல்ல துப்பு. வெள்ளை, இளமஞ்சள் என்றால் பெரும்பாலும் பாக்டீரியா வகை. சிவப்பும் அந்தக் கட்சிதான். கறுப்பு என்றால் பூஞ்சை. நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. சிறு சதைத்துண்டு எடுத்து சோதிக்க வேண்டும். வலி இல்லாததால் இதை ஆனைக்கால் என்றும், எலும்பு காசநோய் என்றும், வெறும் கொழுப்புக்கட்டி என்றும் நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன்.

நான் வைத்தியம் பார்க்கத் தொடங்கிய முதல் சில வருஷங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாரம் இரண்டு நாள் உட்காருவேன். முப்பது வயது விறகு வெட்டி ஒருவர் இதே மாதிரிக் காலோடு வந்தார். ஆறாத புண் என்று முடிவு செய்து, வெளியே மத்தன் தைலம், உள்ளே கந்தக ரசாயனம் என்று கொடுத்தேன். கசிவு குறைந்தது. எனக்கு சந்தோஷம். மறுபடி வேறு துவாரம் திறந்தது. மருந்தை மாற்றினேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. மனுஷன் வலி என்று ஒருநாளும் சொல்லவில்லை, நானும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. கட்டுத் துணியில் வந்த கறுப்பு மணிகளை மண் என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன். கடைசியில் மதுரைக்குப் போனபோது பாத எலும்பு பல இடத்தில் அரித்துவிட்டிருந்தது. கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. "நீங்க பார்த்த வரைக்கும் நல்லாத்தான் பார்த்தீங்க" என்றார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

முள் குத்தினால் என்ன செய்யணும்?

நம் பக்கத்தில் முதல் வைத்தியம் எருக்கம்பால். முள் குத்திய இடத்தில் வைத்தால் முள் வெளியே வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. எருக்கு எங்கள் மருந்துப் பட்டியலில் உள்ள நல்ல மூலிகைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் பால் தோலைப் பொத்துப் புண்ணாக்கும். கை மாறிக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உள்ளே போன கிருமியை அது தொடாது. சிலர் சாணி வைப்பார்கள், சிலர் அங்கேயே ஒரு கை மண்ணை எடுத்து அப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எந்தக் கிருமிக்குப் பயந்தோமோ அதையே அள்ளி வைக்கிற கதை! மண்ணிலும் சாணத்திலும் இரணஜன்னிக் கிருமியின் வித்துக்கள் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். வேலி ஓரத்துச் சோற்றுக்கற்றாழையோ வேறு பச்சிலையோ தூசியோடு பறித்துத் திறந்த காயத்தில் வைப்பதும் இதில் சேர்த்திதான்.

ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஐந்து நிமிஷம் கழுவினாலும் தப்பில்லை. சுட்டு ஆறிய ஊசியால் முள்ளை முழுசாக எடுங்கள். நுனி ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் குத்திக் கிளறாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறகு கிருமிநாசினி, சுத்தமான காஸ் துணியால் ஒரு கட்டு. ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே சத்திரப்பட்டியில் ஊருக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நம் ஆட்கள் மட்டும் பழைய கைலியைக் கிழித்துக் கட்டுகிறார்கள். இரணஜன்னித் தடுப்பூசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடலாமா என்று கேட்பீர்கள். கன்றிப்போன, தோல் கிழியாத வீக்கத்துக்குப் போடலாம். முள் குத்திய துவாரத்தின் மேல் வேண்டாம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. ராத்திரி படுக்கப்போகும் முன் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செருப்பு விஷயத்தில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஹவாய் செருப்பு போட்டிருக்கிறோம், போதும் என்று நினைக்கிறோம். வேலிக்கருவை முள் அதை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி துளைத்துவிடும். அந்தக் காலத்தில் கரிசல்காட்டு ஆட்கள் பழைய லாரி டயரை அறுத்துச் செருப்பாகப் போட்டார்கள். அழகு இல்லை, கனம் ஜாஸ்தி; ஆனால் முள் ஏறாது. காட்டு வேலைக்கு அது அல்லது தடித்த அடியுள்ள பூட்ஸ். விறகுக் கட்டை வெறும் தோளிலோ முதுகிலோ சுமக்காமல் சாக்கை மடித்துப் போட்டுச் சுமப்பது நல்லது. மெக்சிகோவில் விறகு சுமக்கிறவர்களுக்கு இந்த நோய் முதுகிலேயே வந்திருக்கிறது.

கால், கை, முதுகு எங்கே ஆனாலும், வலியில்லாத தடிப்பு ஒரு மாதத்துக்கு மேல் கரையாமல் இருந்தால், அதிலும் கசிவில் ரவை மாதிரி ஏதாவது வந்தால், அந்தத் துணியைத் தூக்கிப் போடாமல் சுத்தமான டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற நோய் இல்லை. வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய் எல்லாம் தேவையே இல்லை.

வைத்தியம் பொறுமைக்கு வைக்கிற பரீட்சை. பாக்டீரியா வகைக்குக் கோட்ரைமாக்ஸசோல், அமிகாசின் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். நல்ல குணம் தெரியும். பூஞ்சை வகைக்கு இட்ரகோனசோல் போன்ற மருந்து, ஒரு வருஷமோ அதற்கு மேலோ. பல சமயம் ஆபரேஷனும் சேரும். வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்தினால் கோட்டைக்குள் இருப்பவர்கள் திரும்ப வெளியே வருவார்கள். இந்த நோயை சித்த மருந்தால் மட்டும் தீர்ப்பேன் என்று நான் சொல்லமாட்டேன். திரிபலா கஷாயத்தால் புண் கழுவ, சாப்பாட்டைச் சொல்லித்தர, மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். அதையும் அங்கே பார்க்கிற டாக்டருக்குத் தெரிந்தேதான் செய்வேன்.

அந்த வெம்பக்கோட்டை அம்மாவை அன்றைக்கே கடிதம் கொடுத்து அனுப்பினேன். எலும்பு தப்பித்திருந்தது. பாக்டீரியா வகை என்று ரிப்போர்ட் வந்தது. நடுவில் ஒரு தடவை, "காலு சரியாப்போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்டார். துவாரம் மூடினால் கதவு சாத்தியிருக்கிறது என்றுதான் அர்த்தம், ஆள் காலி பண்ணிவிட்டார் என்று அர்த்தமில்லை என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

போன மாதம் வந்தபோது எனக்காக ஒரு கட்டு அவுரி கொண்டுவந்திருந்தார், வேரோடு, மண்ணோடு. வாசலில் கழற்றிப் போட்டிருந்தது டயர் செருப்பு.

"வீட்டுக்காரருக்கும் ஒரு ஜோடி வாங்கிட்டேன் ஐயா. கனக்குதுன்னு மூலையில போட்டுட்டு, அந்த ஹவாயைத்தான் மாட்டிட்டுப் போறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.